முகம் கொடுத்தார், மொழி கொடுத்தாரா?

1991-ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்களில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரை அடுத்த குன்றுகளில் பெருந்தீ மூண்டது. 25 பேர் மாண்டனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள் சாம்பலாயின. வீடிழந்தோருள் ஒருவர் வில் ரைட்டு. 'சிம்சிட்டி' என்னும் நகராக்க விளையாட்டை 1989-இல் வெளியிட்டுப் பெயர் பெற்ற கணிப்பொறி வல்லுநர் அவர். எரிந்தவற்றுள் எதனை மீண்டும் வாங்குவது, எது இன்றியும் வாழ்தல் கூடும் என்று அவர் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அவ்வெண்ணம் கருவாகி, 2000-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் 'தி சிம்சு' என்னும் பெயரால் வெளிப்பட்டது. 2002-இல், அதுவரை விற்ற கணிப்பொறி விளையாட்டுகள் அனைத்திலும் மிகுதியாக விற்றது என்னும் பெயரையும் அது எய்தியது.

இவ்விளையாட்டின் பிறப்பில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. முதலில் அது மாந்தரைப் பற்றியதன்று, வீட்டைப் பற்றியது. வீடு கட்டிப் பார்க்கும் கருவியாகவே அது தொடங்கிற்று. கட்டிய வீடு நன்றா, தீதா என்று மதிப்பிடுதற்கே பாவைகள் அதனுட் புகுத்தப்பட்டன. வீட்டுக்காக மாந்தர் வந்தனரேயன்றி மாந்தர்க்காக வீடு வரவில்லை. இதனை நெஞ்சிற் கொண்டு மேலே செல்க.

வாழ்வொப்பு விளையாட்டுகள் எனத்தகும் இவ்வகையில் வெற்றி தோல்வி இல்லை. பகைவனை வீழ்த்தும் வேலை இல்லை. ஓர் ஆளைப் படைத்து, முகமும் நிறமும் உடையும் பெயரும் கொடுத்து, அவ்வாளை உண்பித்து, உறங்குவித்து, பணிக்கு அனுப்பி, காதலும் மணமும் மகப்பேறும் நிகழ்விப்பதே ஆட்டம். 1985-இலேயே ஒரு கணிப்பொறி வீட்டுள் ஒரு சிற்றாளைக் குடிவைத்த விளையாட்டொன்றை ஆக்டிவிசன் நிறுவனம் வெளியிட்டிருந்தது. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான இளையோர், தாம் யார், வாழ்வென்பது யாது என்னும் இரண்டு வினாக்கட்கும் இத்திரைகளில் ஒத்திகை பார்க்கின்றனர். எனவே, அத்திரை காட்டும் மாந்தன் எவன், அது காட்டும் வாழ்வு எவருடையது என்று வினவுதல் கற்றார் கடமை.

வெறும் விளையாட்டா?

இவ்வினாவை எழுப்பிய அளவிலேயே, "விளையாட்டை விளையாட்டாகக் கொள்ளாமல் இதற்கும் ஆராய்ச்சியா?" என்று நகைப்பார் உளர். அவர்க்கு விடை கூறப் பிறர் எவரும் வேண்டா. உலக நாடுகளும் அவ்விளையாட்டுகளை விற்போருமே விடை கூறிவிட்டனர்.

2014-இல் சப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ, 'தொமொதாச்சி லைஃப்' என்னும் விளையாட்டை அமெரிக்காவில் வெளியிட முனைந்தது. அதில் ஆணும் பெண்ணும் மட்டுமே இணைதல் கூடும். ஒருபால் இணையர்க்கும் இடம் வேண்டும் என்று ஆடுவோர் கேட்டனர். இஃது உண்மை வாழ்வன்று, விளையாட்டுத்தனமான வேறோர் உலகம் என்பது நிறுவனம் முதலில் கூறிய அமைதி. சில நாட்களுக்குள் அந்நிறுவனமே வருத்தந் தெரிவித்தது. வெறும் விளையாட்டாயின் வருத்தம் எதற்கு?

அதே 2014-இல் உருசிய நாட்டில் 'தி சிம்சு 4' பதினெட்டு அகவைக்கு மேற்பட்டார்க்கே உரியதென வரையறுக்கப்பட்டது. குருதி சிந்தும் காட்சி அதில் இல்லை. ஒருபால் இணையர் இடம்பெற்றமையே அவ்வரையறைக்குக் கரணியம். 2022 பிப்பிரவரியில் அவ்விளையாட்டின் திருமணத் தொகுதியை உருசியாவில் வெளியிடப் போவதில்லை என நிறுவனம் முதலில் அறிவித்தது. ஆடுவோர் எதிர்ப்பு எழவே மாற்றமின்றி வெளியிட்டது. ஒரு பாவைத் திருமணத்துக்கு ஒரு பேரரசின் சட்டம் குறுக்கே நின்றது எனின், பாவை வெறும் பாவையன்று.

2020 ஏப்பிரலில், கொள்ளைநோய் உலகை வீட்டுள் அடைத்திருந்த காலை, ஆங்காங்கு விடுதலைப் போராட்டத்தினர் 'அனிமல் கிராசிங்' என்னும் விளையாட்டின் தீவுகளில் தம் முழக்கப் பதாகைகளை நட்டனர். தெருவிற் கூடுதல் இயலாத போது திரையிற் கூடினர். சின்னாட்களுள் சீன இணைய அங்காடிகளிலிருந்து அவ்விளையாட்டு மறைந்தது. மீன் பிடித்தலும் பூச்செடி வளர்த்தலுமே தொழிலாகக் கொண்ட ஒரு விளையாட்டு அது. அதற்கும் அங்காடியில் இடமில்லாது போயிற்று.

அரசுகள் அஞ்சுகின்றன, நிறுவனங்கள் வருந்துகின்றன, மக்கள் போராடுகின்றனர். தமிழர் மட்டும் இதனைப் பிள்ளை விளையாட்டென்று கைவீசி விடுவராயின், அறியாமையைப் பெருமிதம் என்று பிறழ உணர்ந்தவராவர்.

கேட்டவர் பெற்றார்

குறை காண்பார் முதலில் நிறையை ஒப்புதல் முறை. 'தி சிம்சு' முதற் பதிப்பிலேயே ஒருபால் காதலுக்கு இடம் இருந்தது. 2009-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவ்விணையர் திருமணமும் பிறர் திருமணமும் ஒரு நிகரென ஆயின. அமெரிக்க நாடெங்கும் அத்திருமணத்துக்கு உச்ச முறைமன்றம் ஒப்பளித்ததோ 2015-இல். ஆறாண்டுகள் விளையாட்டு முன்னும் நாடு பின்னும் சென்றன. 2016-இல், ஆண் பாவைக்கு இன்ன உடை, பெண் பாவைக்கு இன்ன உடை என்னும் வேலி நான்காம் பதிப்பில் நீக்கப்பட்டது. 2020 திசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட தோல்நிறங்கள் சேர்க்கப்பட்டன. 2022 மே திங்களில் பாவையின் மாற்றுப்பெயரை ஆடுவோரே தேர்ந்து கொள்ளும் ஏந்து ஆங்கிலப் பதிப்பில் வந்தது.

இவை சிறியன அல்ல. தன் நிறத்தைத் திரையில் ஒருகாலும் காணாத கருநிறச் சிறுமி, முதன்முறை தன் நிறத்தைக் கண்டெடுத்து மகிழ்வாளாயின் அம்மகிழ்ச்சியைப் பழிக்க எவர்க்கும் உரிமை இல்லை.

ஆயின், இவை எவ்வாறு வந்தன? இரக்கத்தால் வந்தன அல்ல. நான்காம் பதிப்பில் கருநிறங்கள் சாம்பல் பூத்தாற் போலத் தோன்றுகின்றன என்று கருநிறத்தார் பல்லாண்டு முறையிட்டனர். முறையீட்டோடு நில்லாமல், தாமே நிறங்களை ஆக்கி ஒருவர்க்கொருவர் வழங்கிக் கொண்டனர். ஆறாண்டுகளுக்குப் பின்னரே நிறுவனம் அசைந்தது. 

கொரிய மக்கள் செய்ததும் கருதத்தக்கது. 2020-இல் சப்பானிய மலையூர் ஒன்றை ஒத்த களத்துடன் ஒரு தொகுதி வெளிவரவிருந்தது. அதன் முன்காட்சியில், ஓர் உடையிற் காணப்பட்ட கோலம் சப்பானியப் படையினரின் கதிரவக் கொடியை நினைவூட்டிற்று. வழிபாட்டிடத்தின் முன் பாவைகள் குனிந்து வணங்கின. 1910 முதல் 1945 வரை சப்பானின் நுகத்தடியிற் கிடந்த இனத்தார்க்கு அக்கொடியும் அவ்வணக்கமும் புண்ணைக் கீறும் கருவிகள். கொரியர் எதிர்த்தனர். வெளியீட்டுக்கு முன்னரே உடை மாற்றப்பட்டது, அவ்வணக்கம் நீக்கப்பட்டது. ஓர் உடைக் கோலத்தையும் பொறாத இனம் அது. தன் மொழியே இல்லாமை கண்டும் பொறுக்கும் இனம் எது என்பதனைப் பின்னர்க் காண்க.

திரை மறைக்கும் மெய்ம்மை

முகத்திலும் நிறத்திலும் வந்த மாற்றம் வாழ்வின் அமைப்பில் வந்ததா? இல்லை. இங்கேதான் வழக்கின் வேர் உளது.

'தி சிம்சு' விளையாட்டில் புதிதாகக் குடிபுகும் பாவைக் குடும்பத்துக்கு இருபதாயிரம் 'சிமோலியன்' கையிருப்பாகக் கொடுக்கப்படும். பிறக்கும்போதே கடனோடு பிறந்தவர் அங்கு இல்லை. கருநிறம் தேர்ந்த பாவைக்கும் வெண்ணிறம் தேர்ந்த பாவைக்கும் ஒரே கூலி. எந்நிறத்தாரும் எத்தெருவிலும் வீடு வாங்கலாம். நல்ல கனவே, மறுப்பாரில்லை. ஆனால் அத்திரையிற் காணும் புல்வெளி சூழ்ந்த தனிவீட்டுத் தெரு எங்கிருந்து வந்தது? அமெரிக்கப் புறநகரிலிருந்து வந்தது. அப்புறநகரின் வரலாறு யாது? 1947-இல் நியூயார்க்கு மாநிலத்தில் எழுந்த லெவிட்டவுன் என்னும் புகழ்பெற்ற புறநகரில், வெள்ளையர் அல்லாதார் குடியிருத்தல் கூடாது என்று உடன்படிக்கைத் தாளிலேயே எழுதி வைத்திருந்தனர். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவேறுபாடு காட்டுதலைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் 1968-இல்தான் பிறந்தது.

அத்தெருவின் புல்வெளியை விளையாட்டு எடுத்துக் கொண்டது. அதன் வேலியை மறைத்து விட்டது. நிறத்தைக் கொடுத்தது, நிறத்தால் வந்த துயரைத் துடைத்துவிட்டது. இதனால், நிறம் என்பது உடை போல ஒரு பூச்சு, இனம் என்பது கடையடுக்கில் ஒரு சரக்கு என்னும் எண்ணம் ஆடுவோர் உள்ளத்திற் படிகின்றது. துன்பத்தைத் திரையிற் காட்டிக் குழந்தைகளை அழவைக்க வேண்டும் என்பதன்று கருத்து. பட்ட பாட்டை நீக்கிவிட்டு முகத்தை மட்டும் காட்டுவார், அம்முகத்துக்கு உரிய மக்களைக் காட்டியவராகார் என்பதே கருத்து.

இனி, அவ்வுலகின் அறம் யாது? பாவைக்கு இன்ப துன்பம் அளக்கும் கோடுகள் உள. முதற் பதிப்பில் அவை எட்டு: பசி, இளைப்பாறல், தூய்மை, கழிப்பு, உறக்க ஆற்றல், களிப்பு, கூடிப் பேசல், இருக்கும் அறையின் அழகு. அறிவு வேட்கை அவற்றுள் இல்லை, ஈகை இல்லை, ஊர்ப்பற்று இல்லை. உயர்விலைக் கட்டில் வாங்கினால் உறக்கம் நன்று; உயர்விலைத் தொலைக்காட்சி வாங்கினால் களிப்பு மிகுதி. கட்டணம் கட்டத் தவறினால் ஒருவன் வந்து பொருள்களைப் பறித்துச் செல்வான்.

நட்பைப் பாருங்கள். முதற் பதிப்பில் பணியில் மேனிலைக்கு உயர வேண்டுமானால் இத்துணை நண்பர் வேண்டும் என்று எண்ணிக்கை வகுத்திருந்தனர். திருக்குறள் நட்பு முதல் கூடாநட்பு ஈறாக ஐந்து அதிகாரங்களில் ஆராய்ந்த ஒன்றை, பதவி உயர்வுக்கு வேண்டிய தலைக்கணக்காக ஆக்கிற்று அவ்விளையாட்டு. கலிபோர்னியத் தொழிலுலகில் நட்பு அவ்வாறுதான் இயங்குகிறது என்று எவரேனும் கூறலாம். ஆம், அதுவே இங்குக் கூறப்படுவதும். அது கலிபோர்னியாவின் வாழ்வு, உலகத்தார் வாழ்வன்று. ஓர் ஊரின் வாழ்க்கை முறையை 'வாழ்வு' என்னும் பொதுப்பெயரால் விற்றலே இங்குள்ள ஏமாற்று.

பொருட்குவியல் முடிவில் மாந்தனின் காலத்தையே தின்றுவிடும் என்பதனைக் குத்திக் காட்டும் எள்ளலும் தம் விளையாட்டில் உண்டென்று வில் ரைட்டு கூறியுள்ளார். அவர் கருத்து அதுவாகலாம். வணிகம் அவ்வெள்ளலையும் விழுங்கிவிட்டது. நான்காம் பதிப்பின் அடிப்படை ஆட்டம் 2022 அக்தோபர் முதல் விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் பருவம் வேண்டுமா, தனி விலை. வளர்ப்பு விலங்கு வேண்டுமா, தனி விலை. துணைத் தொகுதிகள் அனைத்தையும் முழுவிலைக்கு வாங்கப் புகுவார்க்கு ஆயிரம் அமெரிக்க வெள்ளியும் போதா. பொருட்பற்றை எள்ளப் பிறந்த பாவையே பொருளங்காடியாயிற்று.

2025 செபுதம்பரில் அவ்விளையாட்டின் உரிமை நிறுவனமாகிய எலக்ட்ரானிக் ஆர்ட்சு முழுவதையும், சவுதி அரேபிய அரசின் முதலீட்டு வைப்பகம் உள்ளிட்ட ஒரு குழு 5,500 கோடி அமெரிக்க வெள்ளிக்கு வாங்கும் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. ஒருபால் உறவைக் குற்றமாகக் கொள்ளும் நாடு அது. இருபதாண்டு வாதாடிப் பெற்ற இடம் இனி நிலைக்குமா என்று ஆடுவோர் பலர் கலங்கினர். நிலைக்கலாம், நிலையாமற் போகலாம். ஒன்று மட்டும் தெளிவு. பிறர் கொடுத்த முகம் பிறர் கையிலேயே இருக்கும்.

ஊமைப் பாவைகளும் ஊமையாக்கப்பட்ட மொழிகளும்

சிம்சுப் பாவைகள் எம்மொழி பேசுகின்றன? எம்மொழியும் பேசுவதில்லை. 'சிம்லிசு' என்னும் பொருளற்ற ஒலிக்குவியலைப் பேசுகின்றன. உண்மை மொழியொன்றில் சிலவே சொற்றொடர்களைப் பதிந்து மீண்டும் மீண்டும் ஒலித்தால் கேட்போர்க்குச் சலிக்கும். பல மொழிகளிற் பெயர்க்கச் செலவும் மிகும். ஆதலால் உக்ரேனியம், தகலாகு முதலியவற்றின் ஒலிகளைத் திரித்துப் பார்த்து, முடிவில் நடிகர்கள் வாய்க்கு வந்தவாறு குழறியதையே பதிந்து கொண்டனர். எவர்க்கும் உரியதல்லாத மொழி எல்லார்க்கும் பொது என்பது அவர்தம் கருத்து.

கேட்பதற்கு நடுவுநிலைமை போலத் தோன்றும். சற்றே கூர்ந்து நோக்குக. பாவையின் வாயிலிருந்து வருவதே பொருளற்ற ஒலி. அப்பாவைக்கு ஆணையிடும் சொற்கள், அதன் உள்ளக் கிடக்கையைக் கூறும் சொற்கள், அதன் உறவைக் குறிக்கும் சொற்கள் யாவும் பொருளுள்ள மொழிகளிலேயே உள்ளன. 'சிமோலியன்' என்னும் காசின் பெயரும் பொதுப்பெயரன்று. அமெரிக்க வெள்ளியைக் குறிக்கும் பழைய கொச்சைச் சொல்லே. வாய்க்கு நடுவுநிலை, கைக்கு ஆங்கிலம்!

நான்காம் பதிப்பின் திரைச்சொற்கள் ஏறத்தாழப் பதினெட்டு மொழி வடிவங்களில் கிடைக்கின்றன. டேனிய மொழி உண்டு. டென்மார்க்கின் மக்கள் ஏறத்தாழ 60 இலக்கத்தினர். நார்வே மொழி உண்டு; பின்னிய மொழி உண்டு. இம்மூன்று நாட்டு மக்களையும் ஒருங்கு கூட்டினும் இரண்டு கோடி வாரா. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்திய ஒன்றியத்தில் மட்டும் தமிழைத் தாய்மொழியெனக் கூறியோர் 6 கோடியே 90 இலக்கத்தினர். ஈழத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிற நாடுகளிலும் வாழ்வார் தனி. தமிழ் அங்கு இல்லை. ஆங்கிலப் பாடகர் பலர் தம் பாடல்களைச் சிம்லிசில் மறுபடியும் பாடிக் கொடுத்துள்ளனர். பொருளற்ற ஒலிக்குப் பாட்டும் உண்டு. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடைய மொழிக்கு ஒரு பட்டியல் வரியும் இல்லை.

இழப்பு யாதென்று அறிய ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தந்தையுடன் பிறந்தாள் அத்தை. தாய்க்கு மூத்தாள் பெரியம்மை. தாய்க்கு இளையாள் சிற்றன்னை. மாமன் மனைவி மாமி. ஆங்கிலத் திரையில் இந்நால்வரும் ஒரே சொல்லுள் அடங்குவர். பத்து அகவைச் சிறுவன் தன் பாவைக் குடும்பத்தைப் பத்துத் திங்கள் ஆங்கிலத்தில் ஆண்ட பின்னர், வீட்டுக்கு வரும் பெரியம்மையையும் அத்தையையும் 'ஆண்டி' என்றே அழைப்பானாயின் அவனைக் கடிந்து பயனென்ன? உறவைப் பிரித்தறியும் கண்ணையே அத்திரை அவனுக்குக் கொடுக்கவில்லை.

மாற்றுப்பெயர்ச் செய்தியும் அத்தகையதே. ஆங்கிலத்தார் 2022-இல் பெரும் புதுமையாகக் கொண்டாடியது, ஆண்பாலும் பெண்பாலும் அல்லாதாரை எச்சொல்லாற் சுட்டுவது என்னும் சிக்கலுக்குத் தீர்வு. தொல்காப்பியம் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, பால் திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை. அஃது உயர்திணைக்குரிய ஈறுகளையே கொண்டு முடியும் என்று வரையறுத்துள்ளது. அவரும் மக்களே, அஃறிணை அல்லர் என்பது அவ்விலக்கணத்தின் துணிபு. அவன் என்றோ அவள் என்றோ பிரிக்க வேண்டாதவிடத்து 'அவர்' என்னும் சொல் தமிழன் நாவில் நாளும் வாழ்கின்றது. தமிழர் அத்தகையாரை எப்போதும் நன்கு நடத்தினர் என்பது இதன் பொருளன்று. நடத்தவில்லை என்பதற்குத் தெருக்களே சான்று. இலக்கணம் கொடுத்த மதிப்பை வாழ்வு கொடுக்கத் தவறிற்று. ஆயினும், பிறர் தேடி அலையும் கருவி தமிழின் கைப்பெட்டியில் முன்னரே உளது. பெட்டியைத் திறவாமலே பிள்ளைகள் கையில் ஆங்கிலக் கருவியைத் திணிப்பது யார் குற்றம்?

"தமிழில் வாங்குவார் இல்லை, சந்தை இல்லை, வணிகன் என் செய்வான்?" என்பார் உளர். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. டேனியர் வாங்குகின்றனர்; தம் மொழியிற் கேட்கின்றனர். தமிழ்ப் பெற்றோரோ, "பிள்ளை ஆங்கிலத்திலேயே ஆடுகிறான்" என்று அயலார்க்குச் சொல்லிப் பூரிக்கின்றனர். ஆங்கிலத்தில் ஆடும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையும் வணிகனின் கணக்கில் ஆங்கிலத்துக்கு ஒரு தலையாக எழுதப்படுகிறான். கேளாதவனுக்குக் கொடுப்பார் எவர்? மானம் விற்ற பின் சந்தை இல்லை என்று அழுவதிற் பொருளில்லை.

எறிதலா, ஆக்குதலா?

இனித் தமிழ்ப்பற்றாளருள்ளேயே ஒரு சாரார், "இவ்விளையாட்டே வேண்டா, பிள்ளைகள் கையினின்று பறித்து எறிக" என்பர். அவர்தம் சினம் நேரியது, வழி நேரியதன்று. அச்சுப்பொறி வந்த காலை ஓலையே போதும் என்றிருந்தால் தமிழ் இன்று எங்கிருக்கும்? கருவியை வெறுப்பவன் கருவியால் ஆளப்படுவான். கருவியைக் கைக்கொள்பவன் அதனை ஆள்வான்.

கொரியரை மீண்டும் காண்க. அவர்கள் எதிர்ப்போடு நிற்கவில்லை. 2025 மார்ச்சில் கிராப்டன் என்னும் கொரிய நிறுவனம் 'இன்சாய்' என்னும் வாழ்வொப்பு விளையாட்டை வெளியிட்டது. அதன் நகரங்களுள் ஒன்றாகிய தோவொன், சியோல் நகரை ஒத்து அமைந்தது. கலிபோர்னியத் தெருவே வாழ்வின் தெரு என்னும் நிலையைக் கால் நூற்றாண்டுக்குப் பின் உடைத்தது ஓர் ஆசிய இனம். சப்பானியர் அதற்கும் முன்னரே செய்தனர். கத்சுயா எகுச்சி என்பார் சிபாவில் உள்ள தம் உற்றாரை விட்டுப் பணிக்காகக் கியோட்டோ சென்ற போது உற்ற தனிமையே 2001-இல் அனிமல் கிராசிங்காக மலர்ந்தது. அங்குக் கடன் உண்டு. கடனுக்கு வட்டி இல்லை. அண்டை வீட்டார்க்கு மடல் எழுதுதலே அங்குச் செயல். ஓர் இனத்தான் தன் துயரிலிருந்து ஆக்கிய உலகை, பின்னர் 2020-இல் வந்த பதிப்பில் நான்கு கோடிக்கு மேற்பட்ட படிகளாக உலகம் வாங்கிற்று. தன்னூர்த் தன்மை சந்தைக்குத் தடையன்று.

தமிழரால் இயலாதா? இயலும் என்பதற்குச் சான்று உண்டு. 2023-இல் கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து 'வெண்பா' என்னும் சிறு விளையாட்டு வெளிவந்தது. 1980-களின் இறுதியில் அங்குக் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். மூன்றும் நற்றமிழ்ப் பெயர்கள். தாயின் தாய் எழுதிக் கொடுத்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் மறைந்தும் போயிருக்கிறது. விட்ட இடங்களை உய்த்துணர்ந்து இட்டலி முதலியன சமைப்பதே ஆட்டம். மகன் வளர வளரத் தாய்மொழியை விட்டு விலகுகிறான். பின்னர்த் தாயின் குறிப்பைப் படிக்கப் புகுந்து தமிழெழுத்தின் முன் தடுமாறுகிறான். அத்தடுமாற்றத்தைக் காணும் தமிழர் எவர் கண்ணும் ஈரமாகும். அவ்விளையாட்டு 2024-இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டாவின் முதற்படைப்புக்கான விருதைப் பெற்றது. பெரும் பணமும் பெருங்கூட்டமும் இன்றிச் சிலர் செய்த செயல் அது.

சிம்சுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது? அங்கு அடையாளம் என்பது தேர்ந்து பூசும் நிறம். இங்கு அடையாளம் என்பது கைமாறி வரும் ஏடு. பாதி கிழிந்த ஏடு. படிக்கத் தவறினால் மறைந்தொழியும் ஏடு. அங்கு வீடு வாங்கப்படுகிறது. இங்கு வீடு நினைக்கப்படுகிறது. எது மெய்ம்மைக்கு அணித்து என்பதனைக் கற்றார் கூறுக.

ஒன்று செய்யப்பட்டது. ஒன்று போதுமா? தென்னாட்டு நெல்வயலும், நெய்தற் கரையும், மலையகத் தேயிலைத் தோட்டமும், யாழ்ப்பாணத்துப் பனையும், சென்னைச் சேரியும் எத்திரையில் உள்ளன? சாதியால் ஊரும் சேரியும் பிரிந்த கொடுமையையும் மறையாது, அதனை உடைக்கும் வழியையும் ஆடிப் பார்க்கத் தரும் தமிழ் விளையாட்டு எங்கே? லெவிட்டவுனின் வேலியை மறைத்தார் என்று அமெரிக்கரைக் குற்றஞ் சாட்டும் தமிழர், தம்மூர் வேலியைத் தம் திரையில் மறைப்பாராயின் அக்குற்றத்துக்கே ஆளாவர்.

ஆகவே செய்வன இவை. விளையாட்டு வாங்கும் தமிழர், தமிழில் எங்கே என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் கேட்க. கருநிறத்தார் ஆறாண்டு கேட்டுப் பெற்றனர். கொரியர் ஒரு திங்களிற் பெற்றனர். கணிப்பொறி பயின்ற தமிழிளைஞர், நிறுவனம் கொடுக்கும் வரை காத்திராமல் திரைச்சொற்களைத் தாமே தமிழாக்கிப் பழகுக. தமிழறிந்த புலவர், "விளையாட்டுக்குச் சொல் ஆக்குவதா?" என்று நாணாமல் அவ்விளைஞர் பக்கத்தில் அமர்ந்து சொல் ஆக்கிக் கொடுக்க. பெற்றோர், பிள்ளை படைத்த பாவைக்கு என்ன பெயர் இட்டான் என்று ஒருநாள் கேட்டுப் பார்க்க. அப்பெயரில் தமிழ் இல்லையெனின், திரையைப் பழிக்கு முன்னர் வீட்டைப் பார்க்க.

வீட்டை அளக்கப் படைக்கப்பட்டவை அப்பாவைகள். இன்று அவை தமிழர் வீட்டையும் அளந்து நிற்கின்றன. அளவு குறையின் பழி பாவைக்கன்று. பிறர் கொடுக்கும் முகம் இரவல். தன் நாவிற் பிறக்கும் மொழியே உடைமை. இரவல் முகத்தோடு நிற்பதா, உடைமையோடு எழுவதா என்பதனைத் தமிழர் இன்றே முடிவு செய்க!